சொல்லி அனுப்புறோம்!

காலை ஏழரை மணிக்கு தாம்பரம் ஸ்டேஷனில் அவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். ஷூ புதுசு. சட்டை அண்ணனுடையது. கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து கடைசி செமஸ்டர் வரை அத்தனையும். உதடு மட்டும் லேசாக அசையும். ஏதோ ஸ்லோகம் சொல்கிறார் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்'புக்கு பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்!

சாஃப்ட்வேர் கம்பெனி படையெடுப்புக்கு தாம்பரம்தான் பாசறை. வடக்கே ஒரு ஸ்டேஷன் தள்ளி ஸானடோரியத்தில் மெப்ஸ், 1984-ல் ஏற்றுமதி மண்டலமாக ஆரம்பித்தது. தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி பக்கம் ஜோஹோ. கிழக்கே மேடவாக்கம் வழியாகப் போனால் சோழிங்கநல்லூர், அப்புறம் சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்கள்தான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டத்துப் பையன்கள் வந்து இறங்குவதும் இந்தப் பக்கமே. சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ ஒரு ரூம். ஆறு பேர். ஒரே ஒரு அயர்ன் பாக்ஸ்.

"ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு இன்டர்வியூ வந்துட்டா ஷூவுக்கு அடிதடிண்ணே!" என்கிறார் ரூமில் சீனியர். சீனியர் என்றால், வேலை தேடுவதில் சீனியர்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே பைனரி டெபிட், கிரெடிட். அதனால் வெட்கப்படாமல் கேட்டேன், "உள்ளே அப்படி என்னதான்பா கேட்கிறாங்க?"

முதலில் வடிகட்டல். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவிகிதம் வேண்டும் என்பது பல பெரிய கம்பெனிகளின் சட்டம். பத்தாவது பரீட்சை சமயத்தில் அம்மை போட்டு 58 வாங்கியவர், பிறகு காலேஜில் முதல் ரேங்க்கே எடுத்தாலும் கதவு திறக்காது. அடுத்து ஆப்டிட்யூட். ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை செகண்ட், ரெண்டு குழாய் சேர்ந்து தொட்டியை நிரப்ப எத்தனை மணி. (எங்கள் ஏரியாவில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதே ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட்!)

அதைத் தாண்டினால் புரோகிராம். இங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஜோஹோ என்றதும் பையன்கள் 'கால் டாக்ஸி' என்கிறார்கள். அங்கே கேட்கப்பட்டுப் பிரபலமான கணக்கு அது. ஏ முதல் எஃப் வரை ஆறு ஸ்டாப். ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்ததற்கும் 15 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எந்த டாக்ஸி காலி, எது பக்கத்தில் நிற்கிறது, கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் புரோகிராமை உட்கார்ந்து முழுசாக எழுத வேண்டும். என்னைக் கேட்டால் இது நியாயமான பரீட்சை. தச்சரை வேலைக்கு எடுப்பவர் ஸ்டூல் செய்யச் சொல்வது மாதிரி. தோற்றாலும் எங்கே தோற்றோம் என்று நமக்கே தெரியும்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் மேக்ஸ் ஹோவெல் என்பவர், உலகம் முழுக்க புரோகிராமர்கள் உபயோகிக்கும் 'ஹோம்ப்ரூ'வை எழுதியவர். 2015-ல் கூகுள் அவரை வேண்டாமென்றது. போர்டில் ஒரு பைனரி ட்ரீயைத் தலைகீழாகத் திருப்பத் தெரியவில்லையாம்! அவரே ட்விட்டரில் புலம்பினார். ஆனால் பாருங்கள், அவருக்காவது காரணம் தெரிந்தது.

நம்ம பையன்களுக்கு அதுதான் கிடைப்பதில்லை. ரூமில் விருதுநகர்க்காரர் ஒருவர். நாலு ரவுண்டு தாண்டி ஹெச்.ஆர். வரை போனவர். "எப்போ ஜாயின் பண்ண முடியும்?" என்று கேட்டார்களாம். கேட்டால் என்ன அர்த்தம்? ஊருக்கு போன் பறந்தது. அப்பா டீக்கடையில் சொல்ல, அம்மா இருக்கன்குடிக்கு வேண்டுதலே முடித்துவிட்டார்.

"சொல்லி அனுப்புறோம்னாங்கண்ணே. நாலு மாசம் ஆச்சு."

இதற்கு நடுவில் பல்லாவரம் மொபைல் கடையில் வேலை வந்திருக்கிறது. போகவில்லை. நாளைக்கே ஆர்டர் வந்துவிட்டால்? "தேறலைன்னு ஒரு வரி போட்டிருந்தா அன்னிக்கே கடையில சேர்ந்திருப்பேன். வாடகைக்காவது ஆகியிருக்கும்."

ஒரு கம்பெனியில் ஹெச்.ஆரில் இருக்கும் நண்பரைப் பிடித்தேன். பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார்: "பத்து பேருக்கு ஆஃபர் கொடுத்தா பத்து பேருமா வர்றான்? அதான் நாலு பேரைக் கையில வெச்சிருப்போம். 'இல்லை'ன்னு சொல்லிட்டா அப்புறம் எந்த மூஞ்சியோட கூப்பிடறது?"

காமர்ஸில் இதற்கு பஃபர் ஸ்டாக் என்று பெயர். ஒரே வித்தியாசம், கோடௌனில் கிடக்கும் மூட்டைக்கு வாடகையை முதலாளி கொடுப்பார். இங்கே மூட்டையே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆர்டர் வந்தவன் பாடாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் என்று சொல்லிவைத்திருந்த புதியவர்களிடம் மூன்றரைக்கு வருகிறீர்களா என்று கேட்டது. 2022-ல் இன்ஃபோசிஸ் ஆஃபர் வாங்கியவர்களில் சிலர் ரெண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் மைசூரில் பயிற்சிப் பரீட்சை தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இது கம்பெனியே ஒப்புக்கொண்ட கணக்கு.

விருதுநகர்க்காரர் போன வாரம் துணிந்து ஒரு மெயில் தட்டியிருக்கிறார். 'ஸார், செலக்ட்டா ரிஜெக்ட்டா, எதுவானாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்று. அரை நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. ரூமே எழுந்து வந்து மொபைலைச் சூழ்ந்துகொண்டது.

'இது தானியங்கி முகவரி. தயவுசெய்து இதற்கு பதில் அனுப்ப வேண்டாம்.'

"பரவாயில்லைண்ணே, 'தயவுசெய்து'ன்னு போட்டிருக்காங்க" என்றார் அவர், அடுத்த இன்டர்வியூவுக்கு ஷூவைத் துடைத்துக்கொண்டே.