பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்: வேளாண் பாடப்பிரிவும் பள்ளி நாடகமும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம்மிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த குரூப் எடுக்கலாம்?" என்பதுதான். ஊர்ப்பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் வேளாண் பிரிவு இருக்கிறது என்றால் முகம் வாடிவிடுகிறது. "மண்ணைக் கிண்டவா பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்?" என்கிறார்கள். பள்ளி நாடகத்தில் பெயர் கொடுத்திருப்பதாகப் பிள்ளை சொன்னாலோ, "படிப்பு கெட்டுப்போகும்" என்று தடுக்கிறார்கள். இரண்டையும் மறுப்பதற்கு முன் பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே விளக்குகிறோம்.

வேளாண் பிரிவில் என்ன கற்கிறார்கள்?

தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ முறை வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவுகளும் வந்தன. அவற்றில் வேளாண்மையும் ஒன்று. இதில் எழுத்துப் பாடத்தோடு செய்முறையும் உண்டு. நாற்றங்கால், விதை நேர்த்தி, பதியம், ஒட்டுக்கட்டுதல், உரம் தயாரித்தல் ஆகியவற்றைப் பிள்ளைகள் கையால் செய்து பழகுகிறார்கள்.

மண் மாதிரி எடுப்பதையே எடுத்துக்கொள்வோம். வயலில் நினைத்த இடத்தில் ஒரு பிடி அள்ளினால் அது மாதிரி ஆகாது. வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் புல், சருகை நீக்கி, 'வி' வடிவத்தில் குழி வெட்ட வேண்டும். நெல் வயல் என்றால் 15 செ.மீ. ஆழம் போதும். குழியின் பக்கத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு பங்கை ஒதுக்க வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே செய்ய வேண்டும். அந்த அரைக் கிலோவைப் பரிசோதித்த அறிக்கைதான் எந்த உரம் எவ்வளவு தேவை என்று சொல்லும்.

நம் குடும்பங்களில் வாப்பா வளைகுடாவில் இருக்க, நிலம் குத்தகையில் கிடப்பது சாதாரணம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த விவரம் தெரிந்தால், நிலத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க ஒருவராவது இருப்பார்.

மேற்படிப்புக்கு வழி உண்டா?

உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளில், வேளாண் தொழிற்கல்வி படித்தவர்களுக்கென 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, வேளாண்மை உட்பட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் படித்திருக்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

நாடகத்தால் என்ன பயன்?

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள் உண்டு. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்ற பட்டம் தரப்படுகிறது. போட்டிகளில் நாடகமும் ஒன்று.

பத்து நிமிட நாடகத்திற்கும் பல நாள் ஒத்திகை வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பேச வேண்டும். அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் வசனம் மறந்தால் சமாளிக்க வேண்டும். கல்லூரி நேர்முகத்திலும் வங்கி மேலாளர் முன்னாலும் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி பள்ளியில் இல்லை. பாடப் புத்தகத்தை உரக்கப் படிக்கவே கூச்சப்படும் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம்.

வயலில் கற்றதை மேடைக்கும் கொண்டுவரலாம். பக்கத்து வயலைப் பார்த்து யூரியாவைக் கொட்டும் ஒருவரையும், மண் பரிசோதனை அறிக்கையோடு வரும் அவர் மகளையும் வைத்து ஒரு நாடகம் போட்டால், ஊரே உட்கார்ந்து கேட்கும்.

இவை நமக்குப் புதிதல்ல

கைத்தொழிலோடு சேர்ந்த கல்வி வேண்டும் என்று 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த திட்டத்தை வகுத்துத் தந்த குழுவின் தலைவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேன். அந்தத் திட்டத்தில் நூற்பு, நெசவு, தச்சு ஆகியவற்றோடு விவசாயமும் ஒரு கைத்தொழில். அவர் பல்லாண்டுகள் துணைவேந்தராக இருந்த டெல்லி ஜாமியா மில்லியாவில்தான், 1954இல் ஹபீப் தன்வீரின் 'ஆக்ரா பஜார்' நாடகம் உருவானது. அதில் ஜாமியாவின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஓக்லா கிராமத்து மக்களும் சேர்ந்து நடித்தார்கள். வெள்ளரிக்காய் விற்கும் ஏழை வியாபாரியின் கதை அது.

பெற்றோர்கள் செய்ய வேண்டியவை

சேர்க்கைக்கு முன் பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். வேளாண் ஆசிரியர் பணியில் இருக்கிறாரா, செய்முறைக்கு நிலமும் தண்ணீரும் உண்டா என்று கேளுங்கள். பிரிவு இருந்தும் ஆசிரியர் இல்லையென்றால் பிள்ளையின் இரண்டு வருடம் வீணாகும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

நாடகம் என்றால் ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், உடன் இருக்கும் ஆசிரியை யார், உடை என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. மகள் மேடையேறுவதில் வீட்டில் தயக்கம் இருந்தால், வசனம் எழுதுவது, ஒத்திகை நடத்துவது போன்ற பொறுப்புகளைக் கேட்டுப் பெறலாம். விசாரித்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் மறுக்கலாம். விசாரிக்காமலே மறுத்துவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.