பின்மாற்றம்: ஃபார்ம் போனதா, காயமா, தடையா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் எந்தச் சபையில் சாட்சி நேரத்தில் உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தை காதில் விழும்: "நான் பின்மாற்றத்தில் இருந்தேன்." ஜெபம் வறண்டு போனாலும் பின்மாற்றம்தான். அப்பா இறந்த துக்கத்தில் ஆறு மாதம் சபைக்கு வராமல் இருந்தாலும் பின்மாற்றம்தான். காணிக்கைப் பணத்தில் கைவைத்தாலும் அதே பெயர்தான். மூன்றுக்கும் மருந்தும் ஒன்றே: உபவாசம் இரு, அறிக்கை செய், இன்னும் அதிகமாக ஜெபி.

இதில்தான் எனக்கு நெருடல். ஒரு வீரர் மைதானத்தில் இல்லையென்றால் எந்த கோச்சும் முதலில் கேட்பது, ஃபார்ம் போச்சா, காயமா, இல்லை தடையா என்றுதான். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

ஃபார்ம் போனதற்கு 2025 மகளிர் உலகக் கோப்பையைப் பார்க்கலாம். மும்பைக்காரர் ஜெமிமா ரொட்ரிகஸ் 2022 உலகக் கோப்பை அணியிலேயே இல்லை. இந்த முறை இடம் கிடைத்தும் இரண்டு ஆட்டங்களில் டக் அவுட். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்து நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து 76 நாட் அவுட். அதன்பின் அக்டோபர் 30, நவி மும்பை, அரையிறுதி. ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 339. மூன்றாவதாக இறங்கப் போகிறோம் என்பதே களமிறங்கச் சில நிமிடங்களுக்கு முன்தான் அவருக்குத் தெரியும். 127 நாட் அவுட், இந்தியா இறுதிப் போட்டிக்குப் போனது.

ஆட்டம் முடிந்ததும் கண்ணீரோடு இயேசுவுக்கு நன்றி சொன்னார். கடைசிக் கட்டத்தில் யாத்திராகமம் 14-ஆம் அதிகாரத்தில் மோசே செங்கடல் முன்னால் ஜனங்களுக்குச் சொன்னதை நினைத்துக்கொண்டு நின்றதாகவும் சொன்னார். நம்ம ஆட்கள் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அவர் சொன்ன மற்றதையும் கேட்கவேண்டும். அந்தத் தொடர் முழுக்க ஏறக்குறைய தினமும் அழுதாராம். மனப்பதற்றம் தாங்காமல் அம்மாவுக்கு போன் போட்டு அழுதாராம். அருந்ததி ரெட்டி கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். கடைசியில் தெம்பே இல்லாமல் நின்றபோது தீப்தி ஷர்மா பேசிப் பேசி நகர்த்தினார். போதாக்குறைக்கு 82-இல் இருந்தபோது அலீசா ஹீலி கேட்ச்சை விட்டார். (தகுதியில்லாமல் கிடைப்பதுதான் கிருபை என்றால், இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.)

லெவனில் இல்லாத அன்றும் அவர் அணியின் ஜெர்சியில்தான் இருந்தார். ஜெபம் வராத காலத்தில் ஒரு விசுவாசிக்கும் அதுதான் வேண்டும். பாட முடியாவிட்டாலும் வந்து உட்கார ஓர் இடம், "ஏன் கண்ணை மூடவில்லை?" என்று கேட்காத பக்கத்து சீட்.

காயம் வேறு சங்கதி. நம்ம சென்னை லட்சுமிபதி பாலாஜிக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர் வந்தபோது, இன்னும் பத்து ஓவர் போடு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எலும்பு முறிந்திருக்கும். வருடக்கணக்கில் பொறுத்துத் திரும்பியவர், 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். 1 இராஜாக்கள் 19-இல், சாகவேண்டும் என்று படுத்துவிட்ட எலியாவிடம் தேவதூதன் உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தான். பேச்சுவார்த்தை எல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான். துக்கத்தில் இருப்பவரை முழு இரவு ஜெபத்துக்கு இழுப்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை மெதுவாக வாசிக்கலாம்.

மூன்றாவது, தடை. இங்கேதான் சபைகள் அதிகம் சொதப்புகின்றன. 2018 மார்ச்சில் கேப் டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்கு 12 மாதத் தடை. கேப்டன் பதவிக்கு அதற்குமேல் இன்னொரு வருடம். தடை முடிந்து வந்தவர் 2019 ஆஷஸில் 4 டெஸ்டில் 774 ரன் அடித்தார். அப்போதும் கேப்டன் அவர் இல்லை. விளையாட அனுமதிப்பது ஒன்று, பொறுப்பைத் திருப்பித் தருவது வேறொன்று. நாம் என்ன செய்கிறோம்? பணத்தில் தவறிய மூப்பர் ஞாயிற்றுக்கிழமை அழுதால், அடுத்த மாதமே பெட்டிச் சாவி அவரிடம். இல்லையென்றால் ஆயுளுக்கும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். பேதுருவுக்கு இயேசு முதலில் கரிநெருப்பில் சுட்ட மீனைக் கொடுத்தார். அதன்பின் மறுதலித்த எண்ணிக்கைக்குச் சரியாக மூன்று முறை கேள்வி கேட்டார். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும்தான் ஆடுகளைப் பற்றிப் பேசினார்.

தாம்பரத்திலிருந்து பீச் ரயிலில் போனால் பரங்கிமலை வரும். தோமா அங்கேதான் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது பாரம்பரியம். மலைமேல் இருக்கும் கோவில் போர்த்துகீசியர் 1523-இல் கட்டியது. யோவான் 20-இன்படி முதல் ஞாயிறு சாயங்காலம் அவர் ஆப்சென்ட். மற்றவர்கள் சொன்னதையும் நம்பவில்லை. ஆனாலும் எட்டு நாள் கழித்து அதே ஆட்களோடு வீட்டுக்குள் இருந்தார். அந்த எட்டு நாளில் பேதுருவும் யோவானும் அவரோடு என்ன பேசினார்கள் என்று எழுதவில்லை. வெளியே போகச் சொன்னதாகவும் எழுதவில்லை.