நாய்க்குட்டியின் முதல் எட்டு வாரங்கள்

நாய்க்குட்டி வேண்டுவோர் பலர், அது கண் திறந்த சின்னாட்களிலேயே தாயினின்று பிரித்துக் கொண்டுபோகின்றனர். இளமையிற் கொணர்ந்தால் நன்கு பழகும் என்பது அவர்தம் எண்ணம். இதனைப் பாதியுண்மை என்றே யாம் கருதுகின்றோம்.

பிறந்த குட்டிக்குக் கண்ணுங் காதும் மூடியிருக்கும். உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் இயலாது. ஏறக்குறைய 2 வாரத்திற் கண் திறக்கும். மூன்றாம் வாரத்திற் காது கேட்கும். அதன் பின்னரே அதன் கல்வி தொடங்குகின்றது. விளையாடுங்கால் ஒரு குட்டி அழுந்தக் கடிப்பின், கடிபட்ட குட்டி கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். இங்ஙனம் தன் பல்லின் வன்மையை அளந்தறியக் குட்டி கற்கின்றது. இப்பாடம் முடியுமுன் பிரிக்கப்பட்ட குட்டி, பின்னர் வீட்டுக் குழந்தையின் கையைக் கடித்துத் தெருவில் விடப்படுமாயின், பிழை யாருடையது?

ஆயினும், தாயிடம் விட்டுவைத்தல் மட்டும் போதாது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஆராய்ந்தோர் 1961-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, 14 வாரம்வரை மனிதரோடு பழகாது வளர்ந்த குட்டிகள் மனிதரைக் கண்டு அஞ்சியோடின. ஆகலின், மூன்றாம் வாரமுதல் நாடோறும் சிறிது நேரம் குட்டிகளைக் கையிலெடுத்துத் தடவுதல் வேண்டும். பலர் குரலையும் வீட்டின் ஓசைகளையும் அறியச் செய்தல் வேண்டும். உறங்கியெழுந்தவுடனும் உண்டபின்னும் ஒரே இடத்திற்குக் கொண்டுபோய்விடின், துப்புரவும் எளிதிற் பழகும். 8 வாரம் நிறைந்தபின் புது வீட்டிற்கு அனுப்புதல் நலம்.

சில வாரம் பொறுத்தல் நமக்கு அரிதன்று. குட்டிக்கோ அது வாழ்நாள் முழுதும் உதவும்.