மாலைக்கண்ணுக்கு அப்பால்

உயிர்ச்சத்து 'ஏ' என்றதும் நம் நினைவுக்கு வருவன முருங்கைக் கீரையும் மாலைக்கண் நோயுமே. பள்ளியில் நாம் படித்தது அவ்வளவுதான். கண்ணுக்கு வேண்டிய சத்து என்பது மெய்யே. ஆயினும் கண்ணோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. அச்சத்துக் குறைந்த குழந்தைக்குப் பார்வை மங்குவதோடு வளர்ச்சியும் குன்றுகிறது. மூச்சுக்குழலின் உட்சவ்வு வறண்டு தடிக்கிறது. தொற்றுநோய் எளிதில் பற்றுகிறது. ஒரே சத்து இத்தனை இடங்களில் வேலை செய்வது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு வழிகாட்டியவை சில எலிகள். 1960இல் அமெரிக்காவில் டௌலிங், வால்டு என்னும் அறிஞர் இருவர், எலிகளுக்கு உயிர்ச்சத்து 'ஏ'யை அறவே நிறுத்தி, அதன் வழிப்பொருளாகிய ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் ஊட்டினர். எலிகள் நன்றாக வளர்ந்தன, ஆனால் குருடாயின. உடலில் ரெட்டினால் முதலில் ரெட்டினல் ஆகிறது. (ஒன்றுபோல் ஒலித்துத் தேர்வில் நம்மைத் தடுமாற வைக்கும் பெயர்கள்! முன்னது ஆல்கஹால், பின்னது ஆல்டிஹைடு என்று நினைவில் கொள்க.) விழித்திரையில் ஆப்சின் என்ற புரதத்தோடு கூடி ஒளியைப் பற்றுவது இந்த ரெட்டினலே. இது மீண்டும் ரெட்டினால் ஆகலாம். ஆனால் ஆக்சிஜன் ஏறி அமிலமாகிவிட்டாலோ, திரும்பி வர வழியில்லை. எனவேதான் அமிலத்தை உண்ட எலிக்கு உடல் வளர்ந்தது, கண் போயிற்று.

அந்த அமிலம் உயிரணுவுக்குள் யாரிடம் சென்று செய்தி சொல்கிறது? 1987இல்தான் விடை கிடைத்தது. பிரான்சில் ஷாம்போன் குழுவினரும் அமெரிக்காவில் எவான்ஸ் குழுவினரும் தனித்தனியே அதன் ஏற்பியைக் கண்டனர்.

இன்சுலின் போன்றவற்றின் ஏற்பிகள் உயிரணுவின் வெளிச்சவ்வில் இருப்பவை. இதுவோ உட்கருவுக்குள், டி.என்.ஏ. இழையின்மேலேயே, மற்றோர் ஏற்பியோடு இணைசேர்ந்து அமர்ந்திருக்கிறது. அமிலம் வருமுன் அது சும்மா இருப்பதாக எண்ணிவிடலாகாது. அடக்கும் புரதங்கள் சிலவற்றைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு, அவ்விடத்து மரபணுக்கள் பேசாதபடி வாயைக் கட்டிவைத்திருக்கிறது. ஏற்பியின் நடுவே ஒரு குழி உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள அமில மூலக்கூறு அக்குழியில் பொருந்துகிறது. அதன் அமில முனையை ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் பற்றிக்கொள்கிறது. உடனே ஏற்பியின் கடைசிச் சுருள் மடங்கி, பெட்டியின் மூடிபோலக் குழியை மூடுகிறது. இச்சிறு அசைவிலே எல்லாம் மாறிவிடுகிறது. அடக்கும் புரதங்களுக்கு இருந்த பிடிமானம் போய்விடுகிறது, தூண்டும் புரதங்களுக்கு இடம் பிறக்கிறது, இறுகிச் சுற்றியிருந்த இழை தளர்கிறது, மரபணு படிக்கப்படுகிறது. எந்த உயிரணுவில் எந்த மரபணு என்பதற்கேற்ப விளைவும் வேறுபடும்.

இந்த மூடி சரிவர இயங்காவிடில் என்னாகும்? கடும் புரோமைலோசைட் இரத்தப் புற்றுநோயில், 15ஆம் 17ஆம் குரோமோசோம்கள் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஏற்பி வேறொரு புரதத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. அந்த ஒட்டுப்புரதம் அடக்கும் புரதங்களை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. உடலில் இயல்பாக உள்ள அமிலம் அதற்குப் போதாது. வெள்ளணுக்கள் முதிராமல் இளநிலையிலேயே நின்று பெருகுகின்றன. ஷாங்காய் நகரில் வாங் ஜென்யீ குழுவினர் இவ்வமிலத்தையே மிகுந்த அளவில் மருந்தாகக் கொடுத்தனர். புற்றணுக்கள் கொல்லப்படவில்லை, முதிர்ந்து நல்லணுக்களாயின! 1988இல் அவர்கள் வெளியிட்ட 24 நோயாளிகளின் வரலாறு மருத்துவ உலகை வியக்கவைத்தது. ஒட்டு மரபணு கண்டறியப்பட்டது 1990இல். மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது. இன்று இவ்வமிலத்தோடு ஆர்சனிக்கும் சேர்த்துக் கொடுத்துப் பெரும்பாலோரைக் குணப்படுத்துகின்றனர்.

முகப்பரு மாத்திரைபற்றியும் ஒரு சொல். கல்லூரி மாணவர் பலர் அறிந்த ஐசோட்ரெட்டினாயின் இக்குடும்பத்ததே. உடலுக்குள் சென்று மேற்சொன்ன அமிலமாக மாறுவது. கருவில் முகமும் இதயமும் மூளையும் உருவாகும் நாட்களில் இந்த ஏற்பிகள் எங்கே, எவ்வளவு விழிக்க வேண்டும் என்பதற்கு அளவுண்டு. மாத்திரை அவ்வளவைக் குலைத்துவிடும். மருத்துவர் சீட்டின்றி இதை வாங்கி உண்பது பேதைமை. கருவுற்றோர் இதைத் தொடவே கூடாது. நிறுத்திய பின்னும் ஒரு மாதமேனும் கழியாமல் கருத்தரிக்கலாகாது என்று மருத்துவர்கள் விதிக்கின்றனர்.