ஸ்கேனில் 'ஒன்றுமில்லை' என்றால்...

ஆழ்வார்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர், சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டு வீடு வந்து சேர்கிறார். மறுநாள் தலைவலி, குமட்டல், மறதி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால் 'ஒன்றுமில்லை' என்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தியே. எனினும் அச்சொல்லின் பொருளை நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

1971இல் லண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், மண்டையோட்டு முறிவையும் உள்ளே தேங்கிய இரத்தத்தையும் விரைந்து காட்டவல்லது. உயிர் காப்பதில் இன்றும் அதற்கே முதலிடம். கிரிக்கெட் வீரர் ராமன் லம்பாவை நினைவிருக்கலாம். 1998 பிப்ரவரியில் டாக்காவில், தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு அருகே நின்ற அவர் தலையில் பந்து தாக்கியது. தாமே நடந்து அறைக்குச் சென்றவர் பின்னர் நினைவிழந்து, மூன்றாம் நாள் காலமானார். ஆதலின் தலையில் அடிபட்டவருக்கு மீண்டும் மீண்டும் வாந்தி, ஏறிவரும் தலைவலி, பேச்சுக் குழறல், எழுப்பினும் தெளியாத உறக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும், விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

இரத்தக் கசிவற்ற லேசான அடியின் கதை வேறு. மூளை குலுங்குகையில் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு நைகின்றன. சி.டி. இதனைக் காணாது. எம்.ஆர்.ஐ. கருவியில் இதற்கென ஒரு முறை 1990களில் உருவாயிற்று. நரம்பிழையின் நெடுக நீர் எளிதாய் நகரும். குறுக்கே நகர்வது அரிது. இழை நைந்தால் இவ்வொழுங்கு குலையும், கரை உடைந்த வாய்க்காலில் தண்ணீர் வயலெங்கும் பரவுவதைப் போல. அந்நகர்வை அளந்தே சேதத்தை ஊகிக்கின்றனர். ஆயினும் அடிபட்டோர் பலரையும் நலமுள்ளோர் பலரையும் ஒப்பிடும்போதுதான் வேறுபாடு தெளிவாகிறது. தனியொருவரின் படத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. எனவே நகையை அடகு வைத்து இதற்கெனச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

ஓட வேண்டாம், நம்ப வேண்டும். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவர். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். கிணற்றடியில் வழுக்கி விழுந்த மருமகள் அடுப்பங்கரை இரைச்சலைத் தாங்கவில்லை என்றால் 'நடிக்கிறாள்' என்கிறோம். குர்ஆன் மனனம் செய்யும் மாணவன் நேற்று ஒப்புவித்த பாடத்தில் இன்று தடுமாறினால் 'சோம்பேறி' என்கிறோம். படத்தில் தெரியாத காயமும் காயமே. உஸ்தாதுமார்கள் அவனுக்குப் புதுப் பாடத்தைச் சில நாள் நிறுத்தி, பழையதைச் சிறிது சிறிதாய் ஓதச் செய்யலாம்.

முதல் ஓரிரு நாள் ஓய்வு. பின்னர் மெல்ல நடமாட்டம். முற்றிலும் குணமாகுமுன் மறுபடி அடிபடுவது ஆபத்து. அதுவரை பந்தாட்டமும் மரமேற்றமும் கூடா. குனிந்தால் தலை சுற்றுபவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. ரமளானாயின், விட்ட நோன்பைப் பின்னர் நோற்கலாம்.