கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? வாரன்டியில் இந்த 5 விஷயங்களைக் கவனிங்க!

ப்ளஸ் டூ முடித்த மகன் அனிமேஷன் படிக்கப் போகிறான். கம்ப்யூட்டருக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால், அந்த ஒரு கார்டுக்கே பல ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள். அப்பா கேட்கும் ஒரே கேள்வி, “எத்தனை வருஷம் வாரன்டி?” “மூணு வருஷம் சார்” என்றதும் பணம் கைமாறிவிடுகிறது.

ஆனால், வருடக் கணக்கு மட்டும் போதாது.

ஆர்டிஎக்ஸ் என்றால் என்விடியா, ரேடியான் என்றால் ஏஎம்டி. இவை உள்ளே இருக்கும் சிப்பின் பெயர்கள். அதை வைத்து கார்டு செய்து விற்பவை பெரும்பாலும் ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஸோடாக், சஃபையர் போன்ற நிறுவனங்கள்தான். வாரன்டி தருவதும் அவைதான். சிப் ஒன்றாக இருந்தாலும் நிபந்தனைகள் மாறும்.

1. எந்தத் தேதியில் தொடங்குகிறது?

சில நிறுவனங்கள் பில் தேதியைக் கணக்கில் எடுக்கும். சில, சீரியல் நம்பரை வைத்து தயாரிப்புத் தேதியிலிருந்து கணக்கிடும். அப்படியானால், கடையில் ஆறு மாதம் தூங்கிய கார்டுக்கு வாரன்டியிலும் ஆறு மாதம் போய்விடும்.

2. பதிவு செய்ய வேண்டுமா?

வாங்கிய சில வாரங்களுக்குள் இணையதளத்தில் பதிவு செய்தால்தான் சில நிறுவனங்கள் கூடுதல் ஆண்டுகளைத் தரும். மறந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

3. எந்த நாட்டுக்குச் செல்லும்?

துபாயிலிருந்து மாமா வாங்கி வரும் கார்டு விலை குறைவாக இருக்கலாம். ஆனால், பல நிறுவனங்களின் வாரன்டி விற்ற நாட்டோடு முடிந்துவிடும்.

4. சர்வீஸ் எங்கே?

உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, கூரியர் செலவு யாருடையது, அதே மாடல் இல்லையென்றால் வேறு கார்டு தருவார்களா அல்லது தேய்மானம் கழித்துப் பணம் தருவார்களா என்று கேளுங்கள்.

5. எதற்கெல்லாம் கிடையாது?

துரு, எரிந்த தடம், வளைவு, கிழிந்த ஸ்டிக்கர் இருந்தால் மறுத்துவிடலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் துரு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

நிறுவனமே தொழிலை விட்டால்? அமெரிக்காவின் ஈவிஜிஏ, 2022-ல் கிராபிக்ஸ் கார்டு தொழிலிலிருந்து விலகியது. ஏற்கெனவே விற்ற கார்டுகளுக்கு வாரன்டி தொடரும் என்று அப்போது அறிவித்தது. எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால், நிறுவனத்தின் பெயரையும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள எண்ணோடு சரிபாருங்கள். கடைகளில் தரும் சில பில்களின் எழுத்து ஒரே வருடத்தில் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம்.

நியாயமான காரணம் இல்லாமல் வாரன்டியை மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால், பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

இரண்டு கார்டுகளுக்கு இடையே ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம் என்றால், உங்கள் ஊரிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள கார்டை எடுங்கள். இரண்டாவது வருடம் திரை கறுத்துப்போகும் நாளில், அந்த ஆயிரம் ரூபாயின் அருமை புரியும்.