மெல்லிய படலங்களில் மின் முனைவாக்கம்

இரும்புத் துண்டு ஒன்றைக் காந்தமாக்கிய பின்னர், காந்தமாக்கிய விசையை அகற்றிவிட்டாலும் அதன் காந்தத் தன்மை ஓரளவு எஞ்சி நிற்பது யாவரும் அறிந்ததே. மின்துறையிலும் இத்தகைய பண்புடைய பொருள்கள் உள்ளன. மின்புலத்தில் வைத்து எடுத்த பின்னும் அவற்றின் ஒரு முகம் நேர் முனையாகவும் எதிர்முகம் எதிர் முனையாகவும் நிலைத்திருக்கும். புலத்தை மாற்றுத் திசையில் செலுத்தினால் முனைகள் இடம் மாறும். இவற்றில் இரும்பு இருக்க வேண்டுவதில்லை. எனினும் இவ்வொற்றுமை பற்றியே இவை பெர்ரோ மின்பொருள்கள் எனப்படுகின்றன. 1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னெஸோட்டா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வாலசெக், ரொஷேல் உப்புப் படிகத்தில் இப்பண்பை முதன்முதலாகக் கண்டறிந்தார்.

1940-களில் ஆராயப்பட்ட பேரியம் டைட்டனேட் இவ்வினத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இப்படிகத்தின் மிகச் சிறிய அலகு ஒரு கனசதுரம். அதன் மூலைகளில் பேரியம் அயனிகளும், முகங்களின் நடுவில் ஆக்ஸிஜன் அயனிகளும், மையத்தில் டைட்டேனியம் அயனியும் அமைந்துள்ளன. சுமார் 120 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே குளிர்ந்ததும் கனசதுரம் ஒரு பக்கமாகச் சற்றே நீளுகிறது; டைட்டேனியம் மையத்தினின்று விலகுகிறது. இதனால் நேர் மின்னூட்டத்தின் மையமும் எதிர் மின்னூட்டத்தின் மையமும் பிரிந்து நிற்கின்றன. இந்நிலையே முனைவாக்கம் எனப்படும்.

முனைவாக்கத்தின் ஒரு திசையைப் பூஜ்யமாகவும் மறு திசையை ஒன்றாகவும் கொண்டால், மின்சாரம் நின்றபோதும் செய்தியை இழக்காத நினைவகத்தை அமைக்கலாம். படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தால் அதன் திசையை மாற்றலாம். ஆனால் படலம் மெலிய மெலிய முனைவாக்கமே அழிந்துவிடுமாயின் இவ்வழி அடைபட்டுவிடும். ஆகவே, எத்துணை மெல்லிய படலம் இப்பண்பைக் காக்கும் என்பது முக்கியமான வினாவாயிற்று.

மேற்பரப்பின் மின்னூட்டம்

முனைவாக்கம் படலத்தின் மேல்முகத்தை நோக்கியிருப்பின், அம்முகத்தில் நேர் மின்னூட்டமும் கீழ்முகத்தில் எதிர் மின்னூட்டமும் தோன்றுகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து படலத்தினுள் ஒரு மின்புலத்தை உண்டாக்குகின்றன. அது முனைவாக்கத்தை எதிர்த்தே செயற்படுகிறது. இரு முகங்களிலும் உலோக மின்வாய்களைப் பொருத்தினால், உலோகத்தின் எலெக்ட்ரான்கள் மேற்பரப்பு மின்னூட்டத்தை ஈடு செய்யும். ஆயினும் அந்த ஈடு முழுமையானதன்று. ஈடு செய்யும் மின்னூட்டம் உலோகத்தினுள் சிறிது ஆழம் பரவி நிற்பதால் ஓர் இடைவெளி நேருகிறது. தடித்த படலத்தில் இக்குறையின் விளைவு அற்பமே. மிக மெல்லிய படலத்திலோ எதிர்ப்புலம் வலுவடைகிறது.

ஸ்ட்ரான்ஷியம் ரூத்தெனேட் மின்வாய்களுக்கு இடையே உள்ள பேரியம் டைட்டனேட், ஏறத்தாழ 6 அலகுகளுக்குக் குறைந்த தடிமனில், அதாவது சுமார் 2.4 நானோமீட்டருக்குக் கீழ், முனைவாக்கத்தை இழக்கும் என்று 2003-இல் ஜுங்கேராவும் கோசேயும் கணித்தனர். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மறு ஆண்டிலேயே, வேறொரு பொருளான ஈய டைட்டனேட்டின் படலத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தவர்கள், 3 அலகுத் தடிமனிலும், அறை வெப்பநிலையில் அது முனைவாக்கம் உடையதாயிருப்பதைக் கண்டனர். அப்படலம் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மாறி மாறி அமைந்த நுண்ணிய பட்டைகளாகப் பிரிந்து, எதிர்ப்புலத்தைத் தணித்துக்கொண்டிருந்தது.

மேலே மின்வாய் இல்லாத படலத்தில் சுற்றியுள்ள வாயுவே அப்பணியைச் செய்யவல்லது. ஆக்ஸிஜன் மிகுந்திருக்கையில் மேற்பரப்பில் எதிர் அயனிகள் சேர்ந்து, முனைவாக்கத்தின் நேர் முனை மேலே நிற்பதற்குத் துணை புரிகின்றன. ஆக்ஸிஜனைக் குறைத்தால் திசை புரளுகிறது. வெளியிலிருந்து மின்னழுத்தம் தராமலே இவ்வாறு திசையை மாற்றலாம் என்பது 2009-இல் ஈய டைட்டனேட் படலத்தில் மெய்ப்பிக்கப்பட்டது.

திரிபின் துணை

படலத்தை வேறொரு படிகத்தின் மீது வளர்க்கும்போது, அதன் அணுக்கள் அடிப்படிகத்தின் அணு வரிசையோடு பொருந்தி அமைய முற்படுகின்றன. அடிப்படிகத்தின் இடைவெளி சிறிதாயின் படலம் பக்கவாட்டில் அமுக்கப்பட்டுச் செங்குத்தாக நீளும்; டைட்டேனியம் மேலோ கீழோ விலகுவது எளிதாகும். இவ்வுருமாற்றமே திரிபு எனப்படும். டிஸ்ப்ரோசியம் ஸ்காண்டேட், கடோலினியம் ஸ்காண்டேட் ஆகியவற்றின் மீது வளர்த்த பேரியம் டைட்டனேட்டில், முனைவாக்கம் மறையும் வெப்பநிலை ஏறத்தாழ 500 டிகிரி உயர்ந்ததாகவும், முனைவாக்கத்தின் அளவு தனிப்படிகத்தில் உள்ளதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் பெருகியதாகவும் 2004-இல் அறிவிக்கப்பட்டது. இயல்பாக எந்த வெப்பநிலையிலும் பெர்ரோ மின்பண்பு காட்டாத ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டும், டிஸ்ப்ரோசியம் ஸ்காண்டேட்டின் மீது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு இழுக்கப்பட்டபோது, அறை வெப்பநிலையை ஒட்டி அப்பண்பைப் பெற்றது.

இத்துணை திரிபைப் பருத்த படிகம் தாங்காது. விரிசல் கண்டு உடையும். படலமும் தடித்தால், அணு வரிசையில் பிறழ்ச்சிகள் தோன்றித் திரிபைத் தளர்த்திவிடும். மேற்பரப்பு மின்னூட்டத்தால் முனைவாக்கத்திற்கு இடையூறு விளைக்கும் அதே மென்மைதான், திரிபைத் தாங்கி நின்று அதனை வலுப்படுத்தவும் இடம் தருகிறது. ஆதலால் மெல்லிய படலத்தை ஆக்குவோர் படலத்திற்குரிய பொருளைத் தேர்வதோடு நில்லாமல், கீழே தாங்கும் படிகம், மேலே பொருத்தும் மின்வாய், சூழ்ந்துள்ள வாயு ஆகிய மூன்றையும் ஒருங்கே தேர்ந்தெடுக்க வேண்டியவராகின்றனர்.